இறக்கிய எடை இறங்கியபடியே நிற்க: வாசகர் கேள்வி பதில்

எடைக் குறைப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதிய பதில்களுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, எப்படிக் குறைப்பது என்று கேட்கவே இல்லை. குறைத்தாகிவிட்டது, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது என்பதுதான் பலருடைய குறை. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 47. மகள் திருமணத்தை முன்னிட்டு எட்டு மாதம் இரவுச் சாப்பாட்டை விட்டு, மதியச் சாதத்தை ஒரு கரண்டியாகக் குறைத்து, 82 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வந்தேன். திருமணம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது, இப்போது 77 கிலோ இருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், முன்புபோல் அதிகமாகச் சாப்பிடுவதில்லை. ஆனாலும், "வாயைக் கட்ட முடியவில்லையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் எங்கே தவறினேன்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, நீங்கள் சத்தியம் செய்யத் தேவையில்லை, எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறேன். வீட்டில் உள்ளவர்கள் நம்பாததற்குக் காரணம், 68 கிலோ எடையுள்ள எல்லா உடலுக்கும் ஒரே அளவு உணவுதான் தேவைப்படும் என்று அவர்கள் நினைப்பதுதான். வீட்டுக்கு வரும் சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு நிரப்பப்பட்டிருக்கும். ஏறக்குறைய அந்த அளவு சுமையை நீங்கள் உடலிலிருந்து இறக்கி வைத்தீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவும் கடைத்தெருவுக்குப் போய் வரவும் உடல் முன்பு செலவழித்த சக்தி, இப்போது தேவைப்படாது. இதுவரை எவருக்கும் எளிதில் விளங்கும்.

அடுத்த பகுதிதான் பலருக்குத் தெரியாதது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லீபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகிய மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்து சதவீதத்தைக் குறைத்து அங்கேயே நிற்பவர்களின் உடல், அந்தப் புதிய எடைக்குக் கணக்கிட்டால் எவ்வளவு சக்தி செலவாக வேண்டுமோ அதைவிடவும் குறைவாகவே செலவழிக்கிறது என்பதை அளந்து காட்டினார்கள். ஆகவே, ஆரம்பத்திலிருந்தே 68 கிலோவாக இருந்துவரும் உங்கள் வயதுடைய பக்கத்து வீட்டுப் பெண்மணியும், 82-இலிருந்து இறங்கி 68-க்கு வந்த நீங்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அளவு சாப்பிட்டு, ஒரே அளவு வேலை செய்துவந்தால், அவருடைய எடை நிற்கும், உங்களுடையது மெல்ல ஏறும்.

செலவு குறைவதைக் காட்டிலும் பெரிய பங்கு பசிக்கு உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹாலின் குழு 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றின் சக்திச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. கொழுப்பில் சுரந்து, "இருப்பு போதுமானது" என்று மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், கொழுப்பு குறையும்போது தானும் குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். மெல்பர்னில் ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. ஓராண்டு கழிந்த பிறகும் அவர்களுடைய லெப்டின், பசியை எழுப்பும் கிரெலின் முதலிய ஹார்மோன்கள் பசியைத் தூண்டும் பக்கமே சாய்ந்திருந்தன. கொழுப்புச் செல்களும் எடை குறையும்போது சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை.

"வாயைக் கட்ட முடியவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்து, எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்கள்கூட அவர்களில் உண்டு. உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது, உடலில் கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சேர்ந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் தரப்பில் இரண்டு பிசகுகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, நீங்கள் தேர்ந்துகொண்ட வழிக்கு முகூர்த்த நாள் என்று ஒரு கடைசித் தேதி இருந்தது. இரவுச் சாப்பாட்டை அடியோடு விடுவது எட்டு மாதத்துக்கு முடியும், எண்பது வயது வரை முடியாது. இரண்டாவது, சாதத்தைக் குறைத்த நீங்கள் அதற்குப் பதிலாகப் புரதத்தைக் கூட்டியதாகவோ, தசைக்கு வேலை கொடுத்ததாகவோ எழுதவில்லை. அப்படிக் குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு, கொழுப்பல்லாத பகுதியிலிருந்து, பெரிதும் தசையிலிருந்து, போகிறது. திரும்பி வரும்போதோ பெரும்பகுதி கொழுப்பாகவே வருகிறது.

இனி என்ன செய்யலாம்? மறுபடியும் அந்தப் பழைய பத்தியத்தைத் தொடங்காதீர்கள். முதல் மூன்று மாதம் 77-ஐத் தாண்டாமல் நிறுத்துவதே வேலையாக இருக்கட்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரத்துக்கு மட்டும், தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டதை விட்டுவிட்டு, நின்றுகொண்டே வாயில் போட்டதை மட்டும் எழுதுங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மாள் இப்படி எழுதியதில், உப்புப் பார்த்த பொரியல், மாவு வீணாகக் கூடாதென்று வார்த்த கடைசித் தோசை, பேரன் கடித்து வைத்த இட்லி, டப்பாவை எடுத்து வைக்கும்போது ஒடிந்துகிடந்த முறுக்குத் துண்டுகள் என்று ஒரு நாளுக்கு ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. "இதெல்லாம் சாப்பாட்டில் சேருமா டாக்டர்?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். உங்கள் வீட்டில் சீர் பட்சணம் எத்தனை மாதம் இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த டப்பாவின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு.

இரவில் கட்டாயம் சாப்பிடுங்கள், ஆனால் எட்டு மணிக்குள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், நாளொன்றுக்கு 65 கிராமுக்குக் குறையாமல் புரதம் சேரும்படி, ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றில் ஒன்று இருக்கட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்தான் இருக்கிறது என்பதால், "ஒரு முட்டை சாப்பிட்டேனே" என்று திருப்தி அடைந்துவிட முடியாது. வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது போன்ற தசைப் பயிற்சி வேண்டும். எடை நின்ற பிறகு, நான்கைந்து கிலோ குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். 68 என்ற எண்ணைச் சற்று மறந்துவிடுங்கள். 82-இலிருந்து பார்த்தால் இன்றும் நீங்கள் ஐந்து கிலோ குறைவாகத்தான் இருக்கிறீர்கள், அந்த ஆறு சதவீதம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கணிசமான உதவி.

கேள்வி: தினமும் எடை பார்க்கலாமா? எங்கள் பயிற்சியாளர் மாதம் ஒருமுறை போதும் என்கிறார். தினமும் பார்த்தால் எனக்கு மனசு கெட்டுப்போகிறது.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எடையைக் குறைக்கும் காலத்துக்கு வேண்டுமானால் பயிற்சியாளர் சொல்வது பொருந்தலாம், காக்கும் காலத்துக்கு மாதம் ஒருமுறை என்பது மிகவும் தாமதம். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ரெனா விங் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், எடையில் குறைந்தது பத்து சதவீதத்தைக் குறைத்திருந்த 314 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, அடிக்கடி எடை பார்க்கவும், எண்ணைப் பார்த்து முடிவெடுக்கவும் நேரில் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, பயிற்சி பெறாதவர்களில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருந்தது. நேரில் பயிற்சி பெற்றவர்களில் அது 46 சதவீதமாக இருந்தது.

அவர்கள் கற்றுக்கொடுத்தது போக்குவரத்து விளக்கின் கணக்கு. நிறுத்த நினைக்கும் எடையிலிருந்து சுமார் 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அப்படியே தொடரலாம். அதைத் தாண்டினால் மஞ்சள், எங்கே கூடியது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, அன்றைக்கே பழைய குறைப்பு முறைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கிலோவைப் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இறக்கிவிடலாம். ஒன்பது கிலோ ஆன பிறகு விழித்துக்கொண்டால் ஓராண்டு வேலை.

மனசு கெடுவதற்குக் காரணம், கொழுப்பின் எடையையும் தண்ணீரின் எடையையும் நீங்கள் பிரித்துப் பார்க்காததுதான். ஞாயிற்றுக்கிழமை கல்யாண விருந்தில் அப்பளமும் ஊறுகாயும் இரண்டு முறை சாதமும் சாப்பிட்டால், திங்கள் காலையில் ஒரு கிலோவுக்கு மேல்கூடக் கூடியிருக்கும். உடலில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, உப்பும் தன் பங்குக்குப் பிடித்து வைக்கிறது. புதன், வியாழனுக்குள் அது வடிந்துவிடும். காலையில் கழிவறைக்குச் சென்று வந்த பின், காபிக்கு முன், ஒரே கருவியில், சமதளமான தரையில் வைத்து எடை பார்த்து, சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரின் அந்தந்தக் கட்டத்துக்குள் எழுதிவாருங்கள். ஒற்றை நாள் எண்ணுக்கு மதிப்புக் கொடுக்காமல், வாரத்தின் சராசரியை மட்டும் முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணைப் பார்த்ததும் பட்டினி கிடப்பது, பிறகு அள்ளிச் சாப்பிடுவது என்ற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் தினசரி எடை பார்ப்பதை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் மனநல மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பார்ப்பது நல்லது.

கேள்வி: எடை குறைப்பு ஊசியை ஒன்பது மாதம் போட்டு 11 கிலோ குறைந்தேன். செலவு கட்டுப்படியாகவில்லை. நினைத்த எடைக்கு வந்துவிட்டதால் நிறுத்திவிடலாம் அல்லவா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. சர்க்கரை நோய்க்காகவும் சேர்த்து அதைப் போடுகிறீர்கள் என்றால், அவரைக் கேட்காமல் ஒரு தவணையைக்கூட விடாதீர்கள். ஆனால், "வந்துவிட்டதால்" என்ற சொல்லில்தான் எனக்குக் கவலை. செமாக்ளூடைடு ஊசியை 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஊசி உங்கள் பசியை அடக்கி வைத்திருந்ததே தவிர, பசியை உண்டாக்கும் காரணத்தை நீக்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதுதான் இதுவும்.

நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், நிறுத்துவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தசைப் பயிற்சியையும் புரத அளவையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்து, முந்தைய பதிலில் சொன்ன 2.3 கிலோ கோட்டைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதைத் தொட்டால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைப்பதற்காக, மருந்துச் சீட்டு இல்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் விற்கப்படுவதை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சாதத்தை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் எடை திரும்ப ஏறாது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏறும். நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் வயிறு சற்று விரைவில் நிறையலாம், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, அந்த அளவில் நல்லதுதான். ஆனால் சமைக்காத அரிசி நூறு கிராமில் சுமார் 350 கலோரி என்றால், தினையிலும் கேழ்வரகிலும் 320 முதல் 330 வரை இருக்கிறது. "சிறுதானியம்தானே" என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசமும் போய்விடும்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டது. எந்தத் தானியம் என்ற விவாதத்தைவிட, தட்டில் தானியம் எத்தனை பங்கு என்ற கேள்வி முக்கியமானது. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சாதம் என்று பழகியவருக்கு, அந்தச் சாதம் பொன்னியாக இருந்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அரிசியைப் பற்றி இவ்வளவு கேட்கும் நீங்கள் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. மளிகைக் கடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கினால், ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 33 மில்லி, ஏறக்குறைய 275 கலோரி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறது. அடுத்த மாதம் மூன்று லிட்டரோடு நிறுத்திப் பாருங்கள். தட்டில் எதுவும் குறையாமலே ஆளுக்கு எழுபது கலோரி குறையும்.

கேள்வி: காலையில் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். எடையைக் காப்பாற்ற இது போதாதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இதயத்துக்குப் போதும், இறக்கிய எடைக்குப் பெரும்பாலும் போதாது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கப்பட்ட எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்றில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடையைக் குறைத்து, ஓராண்டாவது காத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள்; மிகப் பலரும் தேர்ந்துகொண்டது நடையைத்தான். இவர்கள் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் என்பதால், நடையினால்தான் எடை நின்றது என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் தந்த பரிந்துரையும் வாரத்துக்கு 200 முதல் 300 நிமிடம் என்றே இருக்கிறது.

ஒரே நடையாக ஒரு மணி நேரம் போக வேண்டியதில்லை. காலையில் அரை மணி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி என்று பிரித்துக்கொண்டால் முழங்காலுக்கும் நல்லது. எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. நடை முடிந்து நண்பர்களோடு டீக்கடை வாசலில் நின்று சாப்பிடும் ஒரு மெதுவடையில் ஏறக்குறைய அது திரும்பிவிடும். மதுரையில் அந்தக் கடைகளைத் தாண்டி வருவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும்.

கேள்வி: எனக்கு வயது 38. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய். எனக்கும் அதன் முந்தைய நிலை என்று சொல்லி, எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு முறை குறைத்தேன், இரண்டு முறையும் பாதி திரும்பிவிட்டது. எப்படியும் ஏறத்தான் போகிறதென்றால் எதற்காகச் சிரமப்பட வேண்டும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பாதி திரும்பியது என்றால் பாதி திரும்பவில்லை, தம்பி. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த "லுக் அஹெட்" என்னும் பெரிய ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவர்களுக்கும் முதல் ஆண்டில் குறைந்ததில் ஒரு பகுதி திரும்பி வரத்தான் செய்தது. ஆனாலும், எட்டாவது ஆண்டின் முடிவில் அவர்களில் பாதிப்பேர் தொடக்க எடையைவிட ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ குறைவாகவே இருந்தார்கள். தொடர்ந்து யாரோ ஒருவரிடம் போய்வந்தவர்கள் அவர்கள் என்பதைக் கவனியுங்கள். குறைக்கும்போது மாதாமாதம் உணவியல் நிபுணரைப் பார்த்துவிட்டு, குறைந்தவுடன் போவதை நிறுத்திவிடுவதுதான் நம்மிடம் அதிகம் காணும் தவறு.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து நடந்து, 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல முந்தைய நிலையில் இருந்தவர்களில் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவினருக்கு, மூன்றாண்டில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதுதான் அதில் வியப்பு. எடைக்கருவி அசையாமல் நின்ற அந்த மூன்றாண்டும் நடையும் உணவும் உள்ளே தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

எனவே மூன்றாவது முறை பெரிதாகக் குறைக்கும் திட்டம் எதுவும் இப்போது வேண்டாம். இப்போதைய எடையைக் காலண்டரில் எழுதி அதற்கு மேல் 2.3 கிலோவில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். இடுப்புச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில் அளந்து அதையும் பக்கத்தில் எழுதுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு அது 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.